கரை காட்டிய சுடர் – 4: பல்லாவரத்துக் கல்

சென்ற வாரம் கோட்டைக்குள், மெட்ராஸின் முதல் கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றிருந்தோம். 1796. எக்ஸ்சேஞ்ச் கட்டடம், அதாவது இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் இடம். 12 விளக்குகள், தேங்காய் எண்ணெய், பின்னால் உள்ளூர்க் கண்ணாடிகள். கடல் மட்டத்திலிருந்து 99 அடி உயரத்தில் எரிந்த அந்தச் சுடர் 25 மைல் தொலைவுக்குத் தெரிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த 25 மைல் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது என்று சொல்லி முடித்திருந்தேன். கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பூமி உருண்டை. எவ்வளவு பிரகாசமான விளக்கானாலும் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டால் தெரியாது. விளக்கின் உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.22 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். 99 அடிக்கு 12 மைல். கப்பல் தளத்தில் நிற்பவனின் கண் 20 அடி உயரத்தில் இருந்தால், அவன் பங்குக்கு இன்னும் ஐந்தரை மைல். கூட்டினால் பதினேழரை. 25 மைல் வர வேண்டுமானால் அவன் பாய்மரத்தில் 100 அடிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஏறினார்கள்தான், பாய்மர உச்சியில் ஆள் நிறுத்துவது வழக்கம்தான். ஆனாலும் கடற்பனி இறங்கிய இரவில், 12 தேங்காய் எண்ணெய்த் திரிகளை அவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடித்தவனுக்குக் கழுகுக் கண் இருந்திருக்க வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கறார்? அன்றைய மெட்ராஸில் மைல் கணக்கு உயிர்க் கணக்கு. இங்கே துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகை அலை உடைத்துவிடும் என்பதால் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் மணல் திட்டுகள் காத்திருந்தன. கரையோர நீரோட்டமோ பருவத்துக்குப் பருவம் திசை மாறும்: வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும், தென்மேற்குப் பருவத்தில் வடக்கே தள்ளும். இரவில் வந்த மாலுமி தான் எங்கே இருக்கிறோம் என்று தவறாகக் கணித்துவிட்டால் விடியும்போது தரை தட்டியிருப்பான்.

பகலில் அவனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. தட்டையான இந்தக் கரையில், கடலிலிருந்து பார்த்தால் தலை தூக்கித் தெரிபவை தென்மேற்கே உள்ள குன்றுகள். பரங்கிமலை, அதற்குப் பின்னால் திரிசூலம், பல்லாவரம். ஆக, எங்கள் தாம்பரம் பக்கத்து மலைகள் கலங்கரை விளக்கம் வருவதற்கு வெகு முன்பே மாலுமிகளுக்கு அடையாளம் காட்டியிருக்கின்றன. ராத்திரியில்தான் அவற்றால் பிரயோஜனம் இல்லை. மயிலாப்பூரில் பிரகாச மாதா கோயில் எழுந்த கதையும் இந்த இருட்டில்தான் பிறந்தது. புயலில் திசை தவறிய போர்த்துகீசியர்களை ஓர் ஒளி கரைக்கு அழைத்து வந்ததாகவும், ஒளி மறைந்த இடத்தில் அவர்கள் கோயில் கட்டியதாகவும் சொல்வார்கள். 1516 என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. லஸ் என்று நாம் பஸ் நிறுத்தத்துக்குச் சொல்லும் பெயர் அந்த ஒளிதான்.

1830-களின் இறுதியில் கோட்டைக்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெய் விளக்கு போதவில்லை. புதிதாக, உயரமாக, புயலுக்கு அசையாத ஒன்று வேண்டும். பொறுப்பு மெட்ராஸ் என்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜே.டி. ஸ்மித் கைக்கு வந்தது.

இந்த ஸ்மித்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜான் தாமஸ் ஸ்மித் வெறும் பட்டாளத்து ஆள் இல்லை, சுண்ணாம்புப் பைத்தியம். சுண்ணாம்புக் காரையையும் சிமெண்டையும் பற்றி பிரெஞ்சுப் பொறியாளர் லூயி விகா எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1837-ல் லண்டனில் வெளியிட்டார். மொழிபெயர்த்ததோடு விடாமல் தன் குறிப்புகளையும் சேர்த்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வெல்லத் தண்ணீர் ஊற்றிக் குழைக்கும் நம் கொத்தனார்களின் வழக்கம், விகாவைப் படிக்கும் ஐரோப்பியர்களுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் இவர் மெட்ராஸ் நாணயச் சாலைக்கும், பிறகு கல்கத்தா நாணயச் சாலைக்கும் தலைவரானார். ஒரு மனிதன் காரையில் தொடங்கிக் காசில் முடிவது விசித்திரம்தான். இரண்டிலுமே கலவை சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு தொடர்பு எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் சுண்ணாம்பு தெரிந்த அந்த மனிதர் கோபுரத்தைச் செங்கல்லில் எழுப்பிச் சுண்ணாம்பு பூசவில்லை. அவர் கேட்டது கல்.

1838-ல் வேலை தொடங்கியது. கல் வந்த இடம் பல்லாவரம்.

இன்று பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. மேம்பாலம், வெள்ளிக்கிழமைச் சந்தை, தலைக்கு மேல் தாழ்வாக இறங்கும் விமானம். அந்த அவசரத்தில் மலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய மலை அது. மகேந்திரவர்ம பல்லவன் தன் பட்டப் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்த குகை அங்கே இருக்கிறது. இன்று அது தர்கா. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துப் பட்டாள மைதானத்துச் சரளைக் குழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. இந்தியத் தொல்லியலில் கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் புறப்பட்டது. (கோடரிக் கல் வேறு, மலைக் கல் வேறு. கோடரிதான் குவார்ட்சைட்.)

மலைக் கல்லுக்கு இதைவிடச் சுவையான கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று ஆங்கிலேயர் கொண்டாடிய ஜாப் சார்னாக் 1690-களில் இறந்தார். செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உள்ள அவர் கல்லறைக்குக் கல் மெட்ராஸ் பக்கமிருந்து கடல் வழியே போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை நுணுகி ஆராய்ந்தார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடப்பது இதே வகைப் பாறைதான் என்று கண்டு, அதற்கு சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க, அண்டார்டிகா வரைக்கும், நிலவியலாளர்கள் இன்று சொல்லும் பெயர் அது. பல்லாவரத்துக் கல்லுக்குப் பல்லாவரத்தின் பெயர் கிடைக்காமல், அதன் அடியில் படுத்திருந்தவர் பெயர் கிடைத்துவிட்டது. எனக்கு இதில் ஆறாத வருத்தம்தான்.

உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். கருநீலம் கலந்த சாம்பல் நிறம். உடைந்த முகத்தில், எண்ணெய்க் கையால் தொட்ட மாதிரி ஒரு மினுக்கு. இதில் உள்ள குவார்ட்ஸ் வெள்ளையாக இருக்காது, நீலம் ஓடியிருக்கும், மினுக்கு அதனால்தான். கனம் அதிகம். உளி சீக்கிரம் மழுங்கும். உப்புக்காற்று இதை அரிக்க முயன்று அலுத்துப்போகும். ஸ்மித்துக்கு வேண்டியது அந்தக் கடைசிக் குணம்.

சரி, கல்லை வெட்டியாயிற்று. கோட்டைக்கு எப்படிக் கொண்டுபோவது?

பல்லாவரத்திலிருந்து கோட்டை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ரயில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கல் சுமக்க ரயில் போடலாம் என்ற யோசனை இந்தியாவில் முதலில் தோன்றியதே இந்த ஊரில்தான். செங்குன்றத்துச் செம்பாறைக் கல்லைச் சாலை போடுவதற்குக் கொண்டுவர 1837-லேயே தண்டவாளம் ஓடியது, ஆர்தர் காட்டன் மேற்பார்வையில். ஆனால் அது நகரத்துக்கு வடமேற்கே. தெற்கே பல்லாவரத்துக் கல்லுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. மிஞ்சியது மாட்டு வண்டி.

வண்டிகள் போன தடத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பரங்கிமலை அடிவாரம், கிண்டி, அப்புறம் சைதாப்பேட்டையில் அடையாறு. ஆற்றைக் கடக்க மர்மலாங் பாலம். 1726-ல் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் கட்டியது. பரங்கிமலைக்கு யாத்திரை போகிறவர்கள் ஆற்றில் நனையக் கூடாதே என்பதற்காக எழுந்த பாலம், நூறு வருடம் கழித்து அதே மலைத்தொடரின் கல்லைச் சுமக்க வேண்டி வந்தது. பாலத்தைத் தாண்டினால் மவுண்ட் ரோடு. அந்தக் கருங்கல் துண்டுகளை இழுத்த மாடுகளுக்கும், மலையில் ஆப்பு அடித்துப் பிளந்த கைகளுக்கும் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. ஸ்மித்துக்கு இருக்கிறது, உஸ்கானுக்கு இருக்கிறது, செத்துப்போன சார்னாக்குக்குக்கூட இருக்கிறது.

1843-ல் கோபுரம் நின்றது. கோட்டைக்கு வடக்கே, இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில், 125 அடி உயரத் தூண். கிரேக்கர்களின் டோரிக் பாணி. பூவும் கொடியும் இல்லாத மொட்டையான கம்பீரம். கட்டடச் செலவு 60,000 ரூபாய். விளக்கும் பிரதிபலிப்பான்களும் சேர்த்து 75,000.

இப்போது விளக்குக்கு வருவோம். பிரான்ஸில் ஃபிரெனெல் தன் லென்ஸை 1823-லேயே கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏற்றிவிட்டார். ஸ்மித் அந்தப் பக்கம் போகவில்லை. ஆர்கண்ட் விளக்கும் பிரதிபலிப்பானும் போதும் என்று முடிவெடுத்தார். ஜெனீவாக்காரரான ஆர்கண்ட் செய்தது எளிமையான தந்திரம். திரியைக் குழாய் வடிவில் சுருட்டினார். குழாயின் நடுவே காற்று ஏறும். மேலே கண்ணாடிச் சிம்னி காற்றை இழுத்துக்கொடுக்கும். சுடருக்கு வெளியிலும் உள்ளிலும் காற்று கிடைப்பதால் புகை குறைந்து வெளிச்சம் பல மடங்கு கூடும். அதன் பின்னால் குழிந்த ஆடி. நாலாபுறமும் சிதறும் ஒளியை அது வாரிச் சுருட்டிக் கடல் பக்கம் அனுப்பும்.

இன்னொரு விஷயத்திலும் ஸ்மித்தின் விளக்கு பழையதை மிஞ்சியது. அது மின்னி மறைந்தது. சும்மா எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைக் கரையிலுள்ள ஏதோ ஒரு வெளிச்சம் என்று மாலுமி தவறாக எண்ணக்கூடும். மின்னி, மறைந்து, மறுபடி அதே இடைவெளியில் மின்னினால் சந்தேகமே இல்லை: இது மெட்ராஸ்.

1844 ஜனவரி 1. பல்லாவரத்துக் கல்லின் உச்சியில் முதல் சுடர் ஏறியது. நம் வாய்பாட்டின்படி 125 அடிக்குப் பதின்மூன்றரை மைல். தளத்தில் நிற்பவனின் ஐந்தரையைச் சேர்த்தால் 19. இருபது மைலுக்குத் தெரியும் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். இந்த முறை யாரும் கதை விடவில்லை.

இதையெல்லாம் இன்று எங்கே பார்ப்பது? தூணைப் பார்க்க உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போக வேண்டும். வழக்கு இல்லாதவன் அங்கே வேடிக்கை பார்க்க நின்றால் அவனையே வேடிக்கை பார்ப்பார்கள். சாவகாசமாகப் பார்க்க வேண்டுமென்றால் மெரினாதான். காந்தி சிலையைத் தாண்டிச் சாந்தோம் பக்கம் நடந்தால், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட முக்கோணக் கோபுரம். 1977 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய நாலாவது விளக்கு அது. லிஃப்ட் வைத்த கலங்கரை விளக்கம் என்ற பெருமை வேறு. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு பொதுமக்களுக்கு மூடிய கதவு, 2013 நவம்பர் 14 அன்றுதான் திறந்தது. வளாகத்திலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேலே ஏறும் அவசரத்தில் பாதிப் பேர் அதற்குள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

எட்டிப் பார்த்தவர்களில் ஒரு பாட்டியும் பேரனும் இருந்தார்கள். மண்ணெண்ணெய்க் காலத்து விளக்குச் சாதனம் ஒன்றின் முன்னால் பையன் நின்று, "இது என்ன ராக்கெட்டா பாட்டி?" என்றான்.

பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ராக்கெட்டாவது. பெட்ரோமாக்ஸ்டா இது. உங்க தாத்தா கல்யாணத்துக்கு இதை வெச்சுத்தான் ஊர்வலம் விட்டாங்க. கொஞ்சம் பெரிசா பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான்."

பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கக் குறிப்பைவிடப் பாட்டி தெளிவாகச் சொல்லிவிட்டார். மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி, மேண்டிலுக்குள் எரித்து வெள்ளை வெளிச்சம் எடுப்பது இரண்டுக்கும் ஒரே தத்துவம். ஒன்று மாப்பிள்ளையைக் காட்டியது, மற்றது கரையைக் காட்டியது.

மேலே போனால் எல்லோரும் கடல் பக்கம் திரும்பி நிற்பார்கள். நீங்கள் தென்மேற்கே திரும்புங்கள். வானம் தெளிவாக இருந்தால் கட்டடக் காட்டுக்கு அப்பால் பரங்கிமலையின் முதுகு தெரியும். அதற்கும் பின்னால் மலை இருந்த இடங்களில் பல இப்போது பள்ளம். கோட்டைக்கும் பாலத்துக்கும் ரோட்டுக்கும் அடுக்குமாடிக்கும் கல் கொடுத்தே புறநகர்க் குன்றுகள் குழிந்துபோயின. 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கல்லை எடுத்துக்கொண்ட நகரம், கல் இருந்த குழியையும் விட்டுவைக்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் வரலாறு என்றால் கோட்டையையும் நீதிமன்றத்தையும் மெரினாவையும் மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். என் கணக்கில் அந்தப் பட்டியல் பல்லாவரத்தில் தொடங்க வேண்டும்.

தூணுக்குத் திரும்புவோம். ஐம்பது வருடம் அது எரிந்தது. அந்த ஐம்பதில் ஊர் தலைகீழாக மாறியது. 1870-களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவரைப் பிய்த்து எறிந்தது. பல்லாவரத்துக் கல் அசையவில்லை. புயலும் உப்பும் செய்ய முடியாததை ஒரு கட்டடம் செய்தது.

1888-ல் தூணின் பக்கத்திலேயே உயர் நீதிமன்றத்துக்கு வேலை ஆரம்பமானது. பிராசிங்டன் வரைந்து, ஹென்றி இர்வின் முடித்த இந்தோ சாரசனிக் மாளிகை. 1892 ஜூலையில் திறப்பு. அதன் உயரமான கோபுரம் 175 அடி. பக்கத்து வீட்டுக்காரன் தன்னைவிட ஐம்பது அடி உயரமாக எழும்பி நிற்கும்போது கலங்கரை விளக்கத்துக்கு வேலை ஏது? 1894 ஜூன் 1 அன்று சுடர் தூணிலிருந்து நீதிமன்றக் கோபுரத்துக்கு மாறியது. பர்மிங்ஹாமின் சான்ஸ் பிரதர்ஸ் செய்த விளக்கு, மண்ணெண்ணெயில் எரிந்தது.

வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள். 175 அடிக்கு 16 மைல். முன்பு பதின்மூன்றரை. லாபம் இரண்டரை மைல்தான்! அதற்காக ஒரு முழுக் கோபுரம் ஓய்வு பெற்றது. அருமையான கட்டடம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அரசாங்கம் அதன் தலையில் எதையாவது ஏற்றாமல் விடாது என்பது என் சந்தேகம்.

கீழே நீதிபதிகள், மேலே விளக்கு என்று இருபது வருடம் நிம்மதியாகப் போயிற்று.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி. ஐரோப்பாவில் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மெட்ராஸ் சாப்பிட்டுவிட்டுப் படுக்கத் தயாராகிறது. எங்கோ நடக்கும் சண்டைக்கு நாம் ஏன் விளக்கை அணைக்க வேண்டும் என்று நகரம் முழு வெளிச்சத்தில் இருக்கிறது. கடலில், தன் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு கப்பல் மெதுவாகக் கரையை நெருங்குகிறது. அதன் தளத்தில் நிற்கும் கேப்டனின் பெயர் கார்ல் ஃபான் முல்லர். அவர் குறி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்.

அவருடைய குண்டு ஒன்று மட்டும் நீதிமன்றத்தை நோக்கி வந்தது. அது எங்கே விழுந்தது?

(அடுத்த வாரம்)